நடுக்கோடு

பம்ப்செட் கம்பெனியில் பம்ப் படங்கள் வரையும் டிராப்ட்ஸ்மேனாக இருந்தேன். தொண்ணூறுகளில் அங்கே கம்ப்யூட்டர் வந்ததும் வேலையை விட்டேன். இனி ஓவியம்தான் என்று ஆயில் பெயிண்டும் கேன்வாஸும் வாங்கிக்கொண்டு கணபதி என்ற பகுதியில் இருந்த வீட்டுக்கு வந்தேன். முதல் படம் என் மனைவியின் முகம். ஜன்னலோரம் முக்காலி போட்டு, வாரக்கணக்கில் எனக்காக அசையாமல் உட்கார்ந்தாள்.

முடித்துத் திருப்பிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, எனக்கு எடது கண்ணு சின்னதுங்களே. சின்னப்புள்ளையில மாடு முட்டுனது. இது யாருங்க?"

அப்போதுதான் கவனித்தேன். பம்ப் வரைவதுபோலவே முதலில் நடுக்கோடு போட்டு, வலப்பக்கம் வரைந்ததை இடப்பக்கமும் அளந்து வைத்திருக்கிறேன். சுரண்டிவிட்டு மறுபடி வரைந்தேன். ஒவ்வொரு முறையும் கை தானாக அந்தக் கண்ணைச் சரிசெய்துவிட்டது.

"உடுங்க. நான் இப்படி இருந்திருந்தா உங்களுக்கு நல்லாத்தான் இருந்திருக்கும்."

"அப்படியில்லை அம்மணி" என்றேன். அவள் முக்காலியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதன்பின் எனக்காக உட்காரவில்லை.

அந்தச் சின்னக் கண் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வரைந்து காட்டிவிடலாம் என்றிருந்தேன். இனி வாயால் சொன்னாலும் நம்ப மாட்டாள்.