மிச்சத்தைப் பனி சுரண்டும்

எங்கள் கராஜில் குளிர்கால டயர்களுக்குப் பக்கத்தில் ஓர் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. அதால் ஒரு துணியையும் தேய்க்க முடியாது. அடித்தகட்டில் மெழுகு உருகி, காய்ந்து, திரும்ப உருகி, பழுப்பாகப் படிந்துபோய் இருக்கிறது. மகள் இரண்டு தடவை அதைக் குப்பையில் போட்டாள். இரண்டு தடவையும் நான் எடுத்துவந்தேன். மூன்றாம் தடவை கயிறு கட்டி ஆணியில் தொங்கவிட்டேன். பனிக்காலத்தில் அதைச் சூடாக்கும்போது ஒரு மணம் எழும்பும். கோயிலும் சமையலறையும் கலந்த மணம். அந்த மணம் வந்தவுடன் அத்தான் எனக்குப் பின்னால் நின்று, "காணும் தம்பி, போதும். மிச்சத்தைப் பனி சுரண்டும்" என்று சொல்வதுபோல இருக்கும்.

அத்தான் என் அக்காவின் கணவர். நகரின் நடுவே சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பதினேழாம் மாடியில் இருந்தார்கள். ஊரைவிட்டு வந்த வருடம் அந்தக் கட்டடத்தில் ஏறியவர்கள், பிள்ளை வளர்ந்து, படித்து, புறநகரான மார்க்கத்தில் வீடு வாங்கிப் போன பிறகும் இறங்கவில்லை. அத்தான் பெரிய சோம்பேறி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த வேலையைக் கொடுத்தாலும் அதில் எந்தப் பாதியைச் செய்யாமல் விடலாம் என்று முதலில் யோசிப்பார். யோசித்து முடிக்கும்போது பெரும்பாலும் சரியான பாதியைத்தான் விட்டிருப்பார். நான் நேர் எதிர். ஊரில் கணக்குப் படிப்பித்தேன். இங்கே ஒஷாவாவில் ஒரு களஞ்சியத்தில் சரக்குப் பெட்டிகளை எண்ணினேன். இரண்டும் ஒரே வேலைதான் என்று அத்தான் சொல்வார். படிக்கட்டு ஏறினால் படிகளை எண்ணுவேன். பூட்டிய கதவைத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பேன்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் யாரோ வீடு மாறிப் போகும்போது கட்டடத்தின் குப்பை அறையில் பனியில் சறுக்கும் ஸ்கீ ஒரு சோடியை விட்டுவிட்டுப் போனார்கள். மலையிலிருந்து பாய்ந்து இறங்குகிறவர்கள் பூட்டும் வகை அல்ல. சமதரையில் நடப்பதுபோல எட்டி வைத்து வழுக்கிக்கொண்டு போகிற, மெலிந்து நீண்ட வகை. சப்பாத்தும் கைத்தடிகளும் கூடவே இருந்தன. சப்பாத்து இரண்டு காலுறை போட்டால் அளவு. அத்தான் அவற்றை எலிவேற்றரில் ஏற்றி மேலே கொண்டுவந்ததைப் பார்த்த அக்கா, "உந்தக் கட்டையளை எங்கை வைக்கப்போறியள், என்ரை தலையிலையோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவை வீட்டில் 'கட்டை'தான்.

கட்டடத்திலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் பள்ளத்தாக்கு. மேலே வாகனங்கள் இரைந்துகொண்டிருக்கும். கீழே இறங்கினால் ஆறும் மரங்களும் வெள்ளைப் பாதையும். தடக்கி விழுந்து, எழும்பி, ஒரே மாதத்தில் அத்தான் பழகிவிட்டார். கனடாவுக்கு வந்த பிறகு அவர் விரும்பிச் செய்த முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன். "நடந்தால் ஓரடிக்கு ஓரடிதான் கிடைக்கும். இதிலை ஓரடி வைச்சால் மூண்டடி போகுது. எங்களைப் போல ஆக்களுக்கெண்டே கண்டுபிடிச்சிருக்கிறாங்கள்" என்பார்.

ஆனால் கட்டைக்கு மெழுகு பூச வேண்டும். இல்லாவிட்டால் பனி அடியில் ஒட்டிக்கொள்ளும். கடையில் கொடுத்தால் காசும் அலைச்சலும். இணையத்தில் பார்த்தால் தனி மேசை, பல வகைத் தூரிகைகள், வெப்பநிலைக்கு ஏற்றபடி நிறம் நிறமாக மெழுகு. நான் பார்த்துப் பார்த்து எழுதி, சாமான்களின் பெயர்ப் பட்டியலோடு போய் நின்றேன். அத்தான் வாங்கிப் படித்தார். மடித்துத் தேநீர்க் குவளைக்கு அடியில் வைத்தார்.

அவருடைய முறை இதுதான். சாப்பாட்டு மேசைக் கதிரைகள் இரண்டை எதிரெதிராக வைத்து, அவற்றின் மேல் கட்டையைக் குப்புறப் போடுவார். பழைய சாமான் கடையில் வாங்கிய இந்த இஸ்திரிப் பெட்டியைப் புகை வராத அளவுக்குச் சூடாக்கி, மெழுகுக் கட்டியை அதன் அடியில் பிடித்துச் சொட்டவிடுவார். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் மட்டும். பிறகு தோசைக்கல்லில் எண்ணெய் பரப்புவதுபோல ஓர் இழுவை. அதற்குப் பிறகு தேநீர். மெழுகு ஆறுவதற்கு நேரம் வேண்டும் என்பது அவருக்குப் பெரிய மகிழ்ச்சி. சும்மா இருப்பதும் வேலையில் ஒரு பகுதி என்று எழுதியே வைத்திருக்கிறார்கள் அல்லவா. ஆறியதும் காலாவதியான ஒரு பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுவார். முழுவதும் அல்ல. கண்ணாடிபோல வரும்வரை சுரண்ட வேண்டும் என்று நான் பதறிக்கொண்டு நிற்பேன். அப்போதுதான் அந்த வசனம் வரும்: "மிச்சத்தைப் பனி சுரண்டும்." உண்மையில் சுரண்டியது. நான்தான் புகை எச்சரிக்கை மணி அடித்துவிடும் என்று பத்திரிகையால் விசிறிக்கொண்டு நின்றேன். ஒருநாளும் அடிக்கவில்லை.

கட்டையின் நடுப்பகுதி வேறு கதை. அது வழுக்கக்கூடாது. காலை ஊன்றி உந்தும்போது அந்த இடம் பனியைப் பிடித்தால்தான் ஆள் முன்னே போகலாம். அதற்குப் பிடிக்கிற மெழுகு. சின்னப் பிள்ளைகள் கீறுகிற வர்ணக்கட்டிபோல இருக்கும். "நீலம் ஒண்டு போதும்" என்று அத்தான் முடிவுகட்டியிருந்தார். அதை எந்த அளவுக்குப் பூசுவது என்று பார்க்க, கட்டைகளைத் தரையில் வைத்து ஏறி நிற்பார். அக்கா மின்சாரக் கட்டண உறையைக் கட்டைக்கு அடியில் விட்டு முன்னும் பின்னும் இழுப்பார். உறை எங்கே இறுகுகிறதோ அங்கே நான் பென்சிலால் கோடு போடுவேன். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. "இவ்வளவுதான் இவரின்ரை காலுக்குள்ளை அடங்கின நிலம்" என்று அக்கா தரையில் இருந்துகொண்டு சிரிப்பார்.

சிரித்தாலும் அக்காவுக்கு மார்க்கத்துக்குப் போக வேண்டும் என்பதில் சிரிப்பு இல்லை. மகன் தன் வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்றில், அவர்களுக்கென்று தனிச் சமையலறையும் குளியலறையும் கட்டி வைத்திருந்தான். எலிவேற்றர் பழுதாகும் நாட்களில் பதினேழு மாடி ஏற அக்காவின் முழங்காலால் முடியவில்லை. பேரப்பிள்ளைகள் கண்ணுக்கு முன்னால் வளர வேண்டும். அத்தானுக்கோ பள்ளத்தாக்கை விட்டுவிட்டு வர மனமில்லை. "மார்க்கத்திலை இருந்து என்னத்தைப் பாக்கிறது? முன்வீட்டுக்காரன்ரை கராஜ் கதவையோ?" நத்தார்ப் பண்டிகை இரவுச் சாப்பாட்டில் இது முற்றி, கடைசியில் அக்கா ஓர் ஒப்பந்தம் சொன்னார். பனி கரைவதற்குள் அத்தான் மூன்று தரம் விழுந்தால் மார்க்கம். விழாவிட்டால் அக்கா இனிமேல் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்.

"ஆர் எண்ணுறது?" என்று அத்தான் கேட்டார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமைகளில்தான் அவர் கட்டையில் இறங்கலாம் என்று ஆயிற்று. எனக்கு வேலையில்லாத நாள் அது. விழுவது என்றால் என்ன என்று முதலில் வரையறுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அரை மணி நேரம் வாதாடிய பிறகு அக்காவே தீர்ப்பு சொன்னார்: "முழங்கால் பட்டால் அது கும்பிடு. குண்டி பட்டால்தான் விழுந்தது." அதன்படி நான் வழுக்காமலிருக்கச் சப்பாத்துக்கு ஆணிப்பட்டி கட்டிக்கொண்டு, பாதை ஓரமாக அவருக்குப் பின்னால் நடந்தேன். தை மாதம் முடிவதற்குள் இரண்டு தரம் விழுந்துவிட்டார். ஒன்று எதிரே வந்த நாய்க்கு ஒதுங்கியபோது. மற்றது, நின்ற இடத்தில் நின்று எனக்குக் கை காட்டியபோது. அதன் பிறகு மிகவும் கவனம். சரிவான இடங்களில் கட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மாசி நடுப்பகுதிவரை குண்டி நிலத்தில் படவில்லை. அக்காவின் முகம் வாடத் தொடங்கியது. எனக்கும் இரண்டு பக்கமும் பார்க்கப் பாவமாக இருந்தது.

பனி கரையப்போகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த கடைசிச் சனிக்கிழமை. நான் போனபோது கட்டைகள் கதவடியில் தயாராக இருந்தன. "நேற்றே நீலம் பூசிப்போட்டன். இண்டைக்கு வேலையில்லை" என்று அத்தான் சந்தோஷமாகச் சொன்னார். அக்கா என் கையைப் பிடித்து, "பாத்துக் கூட்டிக்கொண்டு வா" என்றார். வழக்கமாக அப்படிச் சொல்கிறவர் அல்ல.

பாலத்துக்குக் கீழே ஒரு சின்ன ஏற்றம் உண்டு. ஏற்றம் என்று சொல்லவும் கூச்சமாக இருக்கும். குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள் பேசிக்கொண்டே ஏறிவிடுவார்கள். அத்தான் அதில் காலை ஊன்றி உந்தினார். கால் பின்னால் போயிற்று. மற்றக் காலை ஊன்றினார். அதுவும் போயிற்று. ஓட்டப் பட்டியில் நடப்பதுபோல நின்ற இடத்திலேயே நாலைந்து எட்டு வைத்தார். சட்டைப் பையிலிருந்து நீலக்கட்டியை எடுத்துக் கட்டையைத் தூக்கிப் பூசப் பார்த்தார். அது பிடிக்காமல் வழுக்கியது. திரும்ப உந்தினார். இப்போது ஆள் முழுவதுமாகப் பின்னால் வரத் தொடங்கினார். மெதுவாக, நேராக, தரிப்பிடத்திலிருந்து பின்னுக்கு எடுக்கிற பஸ்போல. முகம் மேற்பக்கம் பார்த்தபடி, கைத்தடிகள் இரண்டும் வானத்தில். என்னைக் கடக்கும்போது, "தம்பி, என்னடா இது?" என்று கேட்டுக்கொண்டே கடந்தார். சரிவின் அடியில் நின்று, ஒரு கணம் யோசித்து, பனியில் உட்கார்ந்தார்.

முழங்கால் அல்ல.

பனியைத் தட்டிவிட்டு எழும்பும்போது, இதைக் கணக்கில் சேர்க்காதே என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லலாம். கேட்காத மனிதரிடம் என்ன சொல்வது? திரும்பி நடக்கும்போது மட்டும், "எண்ணினதைச் சொல்லு. பிறகு உனக்கு நித்திரை வராது" என்றார். எலிவேற்றருக்குள் வெளிச்சத்தில் கட்டையைத் திருப்பிப் பார்த்தார். என் இரண்டு பென்சில் கோடுகளுக்கும் நடுவே, கோட்டைத் தாண்டாமல், நீலத்துக்கு மேல் வெள்ளையாக ஏதோ மினுங்கியது. மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார். கோயில் மணம்.

கதவைத் திறந்த அக்கா சப்பாத்தைக் கழற்றவும் விடவில்லை. "எத்தினை?"

"ஒண்டு," என்றேன். "மொத்தம் மூண்டு."

அக்கா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் அத்தானின் முழங்கையை, இடுப்பை, பின்பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "நொந்ததோ? எங்கை அடிபட்டது?"

"அடி ஒண்டுமில்லை. இஞ்சாரும், இந்தக் கட்டையிலை என்ன பூசினனீர்?"

அக்கா சுவரைப் பார்த்தார். மாதா படத்தடியில், மாசி மாதத் தொடக்கத்தில் கோயிலில் மந்திரித்துக் கொண்டுவந்த மெழுகுதிரி பாதியாகக் குறைந்து நின்றது. இடிமின்னலுக்கும் நோய் வருத்தத்துக்கும் மட்டும் கொளுத்துகிற திரி.

"கடைசி நாளெண்டு செபம் சொல்லித் தேய்ச்சனான். நீங்கள் விழக்கூடாதெண்டு. கால் நிக்கிற இடம் அதுதானே, அதாலை நடுவிலை நல்லாய்த் தேய்ச்சனான்."

வழுக்கக்கூடாத ஒரே இடத்தில், வீட்டிலேயே அதிகம் வழுக்குகிற சாமானைக் கோடு பார்த்துப் பூசியிருக்கிறார். அத்தானுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். நான் ஒருவன்தான் கணக்கு என்ன ஆகிறது என்று நின்றேன். ஒப்பந்தப்படி மூன்று தரம் விழுந்தாயிற்று. எதனால் விழுந்தார் என்பது ஒப்பந்தத்தில் இல்லை. அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

"போடா, நீயும் உன்ரை எண்ணுறதும்," என்றார் அக்கா. "இவரை நானே விழுத்திப்போட்டு நானே மார்க்கம் போறதோ? மகனுக்கு நான் சொல்லுறன்."

அவ்வளவு நாள் ஆசைப்பட்ட வீட்டை அப்படி ஒரே வசனத்தில் விட்டார். அன்று பகல் மீன்குழம்பு வைத்தார். மூன்று பேரும் கதிரைகளைக் கட்டையிடமிருந்து திரும்ப வாங்கி மேசையில் போட்டுச் சாப்பிட்டோம். அதன் பிறகு அத்தான் பல பனிக்காலம் பள்ளத்தாக்கில் போனார். எத்தனை தடவை விழுந்தார் என்று கேட்காதீர்கள். எண்ண வேண்டாம் என்று அக்கா எனக்குச் சொல்லியிருந்தார். வாழ்க்கையில் நான் கீழ்ப்படிந்த கடினமான கட்டளை அது. ஒரு கோடை காலையில், பள்ளத்தாக்கைப் பார்க்கிற அந்த அறையில், நித்திரையிலேயே போய்விட்டார். அதிலும் அதிகம் கஷ்டப்படவில்லை.

அக்கா இப்போது மார்க்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். நானும் மகளோடு அடுத்த தெருவுக்கு வந்துவிட்டேன். கட்டையும் சப்பாத்தும் எனக்கு வந்தன. எனக்கு மூன்று காலுறை போட்டால் அளவு. வீடுகளுக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. பனி விழுந்த மறுநாள் அதில் போவேன்.

இன்று காலை இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது அக்கா கராஜுக்குள் வந்தார். மேற்சட்டைப் பையிலிருந்து ஒரு திரித்துண்டை எடுத்தார். நான் பாய்ந்து நடுப்பகுதியைக் கையால் மறைத்தேன்.

"பயப்பிடாதை. நுனியிலை மட்டும்தான். அவரிட்டை நான் படிச்சிட்டன்."

கட்டையின் முன்நுனியில் சின்னதாக ஒரு சிலுவை கீறினார். அது வழுக்க வேண்டிய இடம்தான், பிழையில்லை.

"மூண்டு தரம் விழுந்தால் என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"என்ன செய்யிறது? நீதான் ஏற்கெனவே மார்க்கத்திலை இருக்கிறியே."

மெழுகை உருக்கி இழுத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியின் வயரைக் கழற்றினேன். கழற்றியதை இன்னொரு தரம் பார்த்தேன். தேநீர் குடித்தோம். மெழுகு ஆறியதும் அட்டையால் சுரண்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினேன்.