அயர்ன் டேபிள் பக்கத்துல பத்து நிமிஷம்

சூடான பனியன் துணிக்கு ஒரு வாசம் இருக்குதுங்க. புதுத்துணியும் நீராவியும் கலந்த மாதிரி... இப்பவும் ஏதாச்சும் கம்பெனி ஜன்னலத் தாண்டறப்போ அந்த வாசம் வந்தா நின்னுருவேன்.

பன்னெண்டு வருஷம் முன்னாடி. திருப்பூர் பக்கத்துல நெருப்பெரிச்சல்ங்கற ஊர்ல ஒரு கார்மெண்ட்ஸ்ல நான் ஃபேப்ரிக் செக்கர். பின்னாடி டியூப்லைட் எரியற பலகை மேல துணி ஓடிட்டே இருக்கும். ஓட்டை, கோடு, ஆயில் கறை எதாச்சும் தெரியுதான்னு இமைக்காம பாக்கோணும். வேலையே அதுதான்.

ஒரு நா கண்ணுல மண்ணு உழுந்த மாதிரி ஆரம்பிச்சுது. அப்புறம் தினமும். காலைல எந்திரிச்சா இமை ரெண்டும் ஒட்டிக்கும். மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி ஊத்துனா அரைமணி நேரம் தாங்கும்.

ஒரே வாரத்துல ரெண்டு ரோல்ல ஓட்டைய உட்டுட்டேன். மேனேஜர் கூப்பிட்டு, "கண்ணு தெரியலைன்னா சொல்லிருங்க, வேற ஆளப் போட்டுக்கறேன்"ன்னார். சத்தம் கூடப் போடல. அதான் பயமாப் போச்சு.

கண் டாக்டரம்மா இமையத் திருப்பிப் பாத்துட்டு சொன்னாங்க.

"கண்ணீர் வருதுங்க. அது மேல எண்ணெய் படியோணும், அதான் வரல. இமை ஓரத்துல இருக்கற எண்ணெய்ச் சுரப்பியெல்லாம் அடைச்சிருக்கு. மார்கழில தேங்காயெண்ணெய் உறையுதில்லீங்க, அந்த மாதிரி. சூடு பட்டாத்தான் இளகும்."

தினம் ரெண்டு தடவ, பத்து நிமிஷம், வெதுவெதுப்பா துணி ஒத்தடம். அப்புறம் இமைய மெதுவா நீவி உடோணும்.

ரூம்ல நான் மட்டுந்தான். சுடுதண்ணில துணிய நனைச்சு வெச்சா ரெண்டு நிமிஷத்துல ஆறிரும். எந்திரிச்சு, தடவிப் போயி, மறுபடி நனைச்சு... நாலு நாள்ல உட்டுட்டேன்.

அயர்ன் செக்சன்ல செசிலின்னு ஒருத்தங்க. திசையன்விளை பக்கம். குழாயடில நான் கண்ணு கழுவறதப் பாத்துட்டு என்னன்னு கேட்டாங்க. சொன்னேன்.

"சூடுதான சார் வேணும்? எங்கிட்ட இல்லாத சூடா?"

அன்னிலருந்து மத்தியானம் எல்லாரும் மாடிக்கு சாப்பிடப் போனதும், வெட்டி மிஞ்சுன பனியன் துணில சுத்தமான துண்டா எடுத்து மடிச்சு, லேசா தண்ணி தெளிச்சு, அயர்ன் வெப்பாங்க. தன்னோட மணிக்கட்டுல வெச்சுப் பாத்துட்டுத்தான் எங்கிட்டக் குடுப்பாங்க. ஆற ஆற மாத்திக் குடுப்பாங்க.

கண்ணு மூடியிருக்கறதால எனக்கு அவங்க குரல் மட்டுந்தான். ஊர்க் கிணத்து உப்புத்தண்ணி, தம்பி கடலுக்குப் போறது, ஹாஸ்டல் சாம்பார்... நானும் பேசினேன். திருப்பூருக்கு வந்து யார்கிட்டயும் அத்தனை பேசினதில்ல.

ரெண்டு மாசத்துல கண்ணு தெளிஞ்சிருச்சு. ஓட்டை எதுவும் தப்பல. டாக்டரம்மா, "இனி காலைல ஒரு தடவ, ஊட்லயே பண்ணுனாப் போதும்"ன்னாங்க.

செசிலிகிட்ட நான் அதைச் சொல்லல.

அப்புறம் ஒரு நா, துணிய மாத்திக் குடுத்துட்டுக் கேட்டாங்க.

"சார்... ஊர்ல மாப்ள பாத்துட்டாவ. நாகர்கோவில்ல வேலையாம். நீங்க என்ன சொல்லுதீங்க?"

துணிய எடுத்துட்டு மொகத்தப் பாத்திருக்கலாம். எங்கூரு பொங்கலூர்ல எங்கப்பன் என்ன சொல்லுவாரு, சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க... எல்லாம் ஒரு நிமிஷத்துல ஓடுச்சு. கண்ணத் தொறக்காமயே சொன்னேன்.

"நல்ல எடமா இருந்தா பண்ணிக்குங்க."

"சரி சார்."

துணி ஆறிருச்சு. மாத்தறதுக்கு யாரும் வரல. நானா எடுத்துப் பாத்தேன். சாப்பாட்டு நேரம் முடியறதுக்கு முன்னாடியே அவங்க டேபிள்ல நின்னு பீஸ் தேய்ச்சிட்டிருந்தாங்க.

அடுத்த நாளும் துணி குடுத்தாங்க. அதுக்கடுத்த நாளும். பேச்சு மட்டும் இல்ல. ஒரு மாசத்துல பத்திரிகை குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டாங்க. கல்யாணத்துக்கு செக்சன்ல இருந்து வேன் வெச்சுப் போனாங்க. நான் போகல.

இப்போ நான் வேற கம்பெனில க்யூ.சி. மேனேஜர். நாளெல்லாம் கம்ப்யூட்டர். கண்ணு மறுபடி வறண்டு போச்சு. போன வருஷம் ஆஸ்பத்திரில மெஷின் வெச்சே இமைக்கு சூடு குடுத்து அமுக்கி உட்டாங்க. அங்க ஸ்கிரீன்ல காட்டுனாங்க, பாதி சுரப்பி காஞ்சே போச்சாம். அது திரும்ப வராதாம். மிச்சத்தக் காப்பாத்த தினமும் சூடு வெக்கச் சொல்லிருக்காங்க.

அதுக்குன்னே ஒரு மாஸ்க் வாங்கிட்டேன். ஒயர சொருகினா ஒரே சூடு, கூடாது, கொறையாது. யாரும் பக்கத்துல இருக்க வேண்டியதில்ல.

ஏன் கல்யாணம் பண்ணலைன்னு கேக்கறவங்ககிட்ட, அமையலைன்னு சொல்லிக்கறேன். அப்பிடிச் சொல்றது சுலுவுங்க.

பத்து நிமிஷம் ஆனா மாஸ்க் தானா ஆஃப் ஆயிரும். நான் இன்னுங் கொஞ்ச நேரம் அதைக் கழட்டாம உக்காந்திருப்பேன். ரோட்டுல கம்பெனி பஸ்சு ஒவ்வொண்ணா ஆளுகள ஏத்திட்டுப் போற சத்தம் கேக்கும்...