காட்டுக்கு வைத்த காவல்

நாங்கள் திருக்கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம். திருவட்டாறுக்குக் கிழக்கே மலைக்காட்டில் துளைபோட ஒரு கம்பெனி வந்தது. எண்ணெய் என்றார்கள், தாது என்றார்கள்; எதுவானாலும் காடு போய்விடும். தடுப்பதற்கு ஊரில் ஒரு சங்கம் கூடியது. கடையைப் பூட்டிவிட்டு நானும் அவர்களோடு அலைந்தேன். மனு கொடுத்தோம், கூட்டம் போட்டோம்; அதிகாரிகள் அசையவில்லை. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

நாகர் சிலை இருக்கும் இடத்தில் மண்ணைத் தோண்ட எங்கள் பக்கத்தில் எவனும் துணியமாட்டான்.

"நாலு நாகரைக் கொண்டு வச்சா தீர்ந்துது. பொறவு எவன் தோண்டுவான்?" என்றேன் சங்கத்தாரிடம்.

கம்பெனி அடையாளக் கம்பு நட்டிருந்த இடங்களில் எல்லாம் சிலை வைத்து மஞ்சள் பூசினோம். தோண்ட வந்த கூலியாட்கள் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். வேறு ஆள் கிடைக்காமல் கம்பெனியும் போய்விட்டது.

அடுத்த ஆயில்ய நட்சத்திரத்தன்று நாகருக்குப் பால் ஊற்ற ஜனம் மலையேறியது. அதற்கடுத்த மாதம் வண்டிப்பாதைக்காக மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் ஓய் வெட்டுதீரு?" என்று ஒருவரிடம் கத்தினேன்.

"சாமி இருக்கப்பட்ட எடம் இப்பிடிக் காடு பிடிச்சுக் கெடக்கலாமா? இந்தாரும், நீரும் ஒரு கை பிடியும்" என்று வெட்டுக்கத்தியை என்னிடம் நீட்டினார்.