எபியின் இரண்டாவது கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். மாதிரி ஷூ தயாரிக்கும் சாம்பிள் அறையில் ஒரு பூட்ஸின் மேல்பாகத்தைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பர் எபியின், அதாவது எபினேசரின், மனைவி கிரேஸின் தம்பி ஃபோன் செய்தான். “அண்ணா, மாமா போய்ட்டாரு. வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டுல நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தாராம். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறதுக்குள்ளயே...” என்றான்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை மாலை, என் வீட்டு நாற்காலியில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்த மனிதர் “ஒண்ணும் இல்ல” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த இரண்டு சொற்களை யார் சொன்னாலும் நம்பாதவர் அவர். நான் நம்பிவிட்டேன்.

எபியை உங்களில் பலருக்கு ‘கம்ப்யூட்டர் சார்’ என்றுதான் தெரியும். எங்கள் ஷூ கம்பெனிக்கு அவர் வந்தது தோல் தரம் பிரிக்கும் வேலைக்கு. விளக்கின் கீழ் தோலை விரித்து, ஓட்டை, கீறல், உண்ணி கடித்த தழும்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து, வெள்ளிநிறப் பேனாவால் வட்டம் போட வேண்டும். வெட்டுபவர் அந்த வட்டத்தைத் தவிர்த்து வெட்டுவார். ஆறு வருடம் அதைச் செய்தவர், கம்ப்யூட்டரைத் தானே பிரித்துப் போட்டுக் கற்றுக்கொண்டு கம்ப்யூட்டர்களைப் பராமரிக்க எங்கள் பக்கம் வந்தார். பேனாவும் கூடவே வந்தது. எந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை ரிப்பேர் செய்தாலும் அதன் பக்கவாட்டில் என்ன மாற்றினார் என்று வெள்ளியில் எழுதி வைப்பார். “ஓட்ட இருக்கறது தப்பில்ல. வட்டம் போடாம வுட்டா அது ஷூல வந்து நிக்கும்” என்பார்.

நான் வட்டம் போடாமல் விட்ட ஒரு நாளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சாம்பிள் அறையில் இருப்பவர்களுக்கு அரைகுறையாகத் தெரிந்த கதை இது.

எபிக்கும் எனக்கும் பழைய கார் பந்தய ஆட்டம் ஒன்றின் மேல் பைத்தியம். கல்லூரி நாட்களில் நான் சிடியில் வாங்கியது. சாப்பாட்டு நேரத்தில் என் கம்ப்யூட்டரில் கொஞ்சம் ஓட்டுவோம். புது கம்ப்யூட்டர் வந்ததும் ஆட்டம் படுத்துவிட்டது. இன்ஜின் சத்தம் மட்டும் கேட்கும், திரை கறுப்பாக நிற்கும். கம்ப்யூட்டருக்கும் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் நின்று பேசும் மென்பொருளை டிரைவர் என்பார்கள். புது டிரைவர்கள் இத்தனை பழைய ஆட்டங்களைச் சட்டை செய்வதில்லை. பழைய டிரைவரைப் போட்டால் ஓடும் என்று எங்கோ இணையத்தில் படித்தேன். எபி அன்று வேறொரு பிரிவில் வேலையாக இருந்தார். அவரைக் கேட்காமல், இருக்கிற டிரைவரை எடுக்காமல், அதன் மேலேயே பழையதைப் போட்டேன். கார் ஓடியது. பத்து நிமிடம் ராஜா நான்.

ஒன்றேகாலுக்கு வேலைக்குத் திரும்பினால் திரையில் எழுத்தெல்லாம் ஊதிப்போய் மங்கலாக இருந்தது. ஷூவின் பேட்டர்ன் வரைகிற மென்பொருள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. மூன்று மணிக்கு எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறார். அவர் காலையில் மெயிலில் சொன்ன திருத்தங்கள் அந்த ஒரு பெட்டியில்தான் இருந்தன. அந்த மென்பொருளின் உரிமமும் அதற்கு மட்டும்தான். கட்டிங்கில் தோலை விரித்துவைத்து நான்கு பேர் காத்திருந்தார்கள். ஆர்டர் கை நழுவினால் எங்கள் லைனையே மூடிவிடுவார்கள் என்று அந்த மாதம் முழுக்கப் பேச்சு.

எபி வந்தார். திரையைப் பார்த்தார். “கடைசியா இதுல இன்னா மாறிச்சி?” என்று கேட்டார்.

“ஒண்ணும் மாறல எபி. சாப்ட்டு வந்து பாத்தேன், இப்டி இருக்குது” என்றேன்.

என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது அவர் பழக்கம். கேபிளை மாற்றினார், ஆன் செய்து பார்த்தார். மானிட்டரை மாற்றினார், பார்த்தார். பெட்டியைத் திறந்து கார்டைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களை ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினார். ஒவ்வொன்றுக்கும் பெட்டியை அணைத்து எழுப்ப வேண்டும். கட்டிங் சூப்பர்வைசர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மேனேஜர் கதவருகே வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். நான் எபிக்கு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, உத்தமன் போல நின்றிருந்தேன். இரண்டு பத்து ஆயிற்று.

எபி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “ரெண்டாவது தபா கேக்கறேன் முரளி. கடைசியா இதுல இன்னா மாறிச்சி?”

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். “கேமுக்காக பழைய டிரைவர் போட்டேன்” என்றேன்.

“இருக்கறது மேலயேவா?”

“ஆமா.”

முதலில் நெட் கேபிளைப் பிடுங்கினார். “இத புடுங்கலன்னா நாம போடறதுக்குள்ள அதுவா ஒண்ண இறக்கிக்கும்” என்றார். அத்தியாவசியமானது மட்டும் ஓடும் சேஃப் மோடில் பெட்டியை எழுப்பி, இரண்டு டிரைவர்களையும் மிச்சம் மீதி இல்லாமல் துடைத்தார். தன் பென் டிரைவிலிருந்து சரியானதைப் போட்டார். நடுவில் திரை முழுதாக இருண்டது. இருண்டே கிடந்தது. நான் “எபி...” என்றேன். “சும்மா இரு. அது வேல செய்து” என்றார். எனக்குத் தெரிந்த அத்தனை சாமியையும் கூப்பிட்டேன். அவருடைய சாமியையும் விடவில்லை. திரை ஒருமுறை சிமிட்டிவிட்டுத் தெளிவாக வந்தது. இரண்டு நாற்பதுக்கு பேட்டர்ன் திறந்தது. பிரின்ட் எடுத்துக்கொண்டு நான் கட்டிங்குக்கு ஓடினேன். பையர் காபி குடித்து முடிப்பதற்குள் சாம்பிள் தைத்து வந்துவிட்டது.

மாலையில் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “என்னா பிராப்ளம்?”

“டிரைவர் மாறியிருந்திச்சி சார். சரி பண்ணிட்டேன்.”

“யாரு மாத்துனது?”

தானாக மாறியிருக்கும் என்று எபி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. மேனேஜருக்கு அவர் சொல்வது வேதவாக்கு. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, எனக்காகப் பொய் சொல்லவும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். “நான்தான் சார்” என்றேன். கையில் மெமோவோடு இரண்டு மாதம் தோல் குடோனில் கிடந்தேன்.

அந்த இரண்டு மாதமும் நான் அவரோடு பேசவில்லை. அது முடியப்போகும் நேரத்தில் அவரே குடோனுக்குத் தேடி வந்தார். “ஒரு பொய் சொன்னா இன்னா கொறஞ்சிடுவ?” என்று கத்தினேன். அங்கிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“எங்கிட்ட சொன்னியே ஒண்ணு, அதுலயே ஒரு மணி நேரம் போச்சி” என்றார். பிறகு என் பக்கத்தில் தோல் கட்டின் மேல் உட்கார்ந்தார். “உன் மேல எனக்குக் கோவம் இல்ல முரளி. யாரக் கேட்டாலும் மொத தபா பயந்தான் பதில் சொல்லும். ரெண்டாவது தபாதான் ஆளு பேசுவான். நான் சீக்கிரமா கேட்டிருக்கணும். தப்பு எம்மேலயும் இருக்குது.” அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது?

நான் சாம்பிள் அறைக்குத் திரும்பிய வாரமே, ஞாயிற்றுக்கிழமை, ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பழைய கார்டு, பழைய டிரைவர், நெட் கிடையாது. “இது ஆட்டத்துக்கு, அது சோத்துக்கு. ரெண்டையும் ஒரே பொட்டில வைக்காத” என்றார். டிரைவரின் எண்ணைப் பெட்டியில் வெள்ளியில் எழுதினார். அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு ஞாயிறாவது ஆலங்காயத்திலிருந்து பஸ் ஏறி ஆம்பூருக்கு வருவார். இத்தனை நுணுக்கம் தெரிந்த மனிதர் காரை மட்டும் ஒரு நாளும் நேராக ஓட்டியதில்லை. சுவரில் மோதுவார். “ரோடு சரியில்ல” என்பார். என் மனைவி சமையலறையிலிருந்து சிரிப்பாள்.

கடைசி ஞாயிறு அவர் வந்தபோது ஆட்டம் மறுபடி கறுப்பாக நின்றது. கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டேன்: “நெட் கேபிள குத்தினேன். அதுவா அப்டேட் ஆயிடுச்சி.” எபி விழுந்து விழுந்து சிரித்தார். “தேறிட்ட போ” என்றார். பழைய டிரைவரைப் போட்டுவிட்டு, பெட்டியில் குனிந்து எண்ணை எழுதத் தொடங்கியவர், பாதியில் இடது தோளை அழுத்திக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நெற்றி முழுக்க வியர்வை.

“இன்னா ஆச்சி எபி?”

“ஒண்ணும் இல்ல. கேஸ் டிரபுள்.”

மோர் கொடுத்தோம். குடித்தார். ஒரு ரேஸ் ஓட்டினார், சுவரில் மோதினார், கிளம்பினார். பேனாவை மேசையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார். அவர் எதையும் மறப்பவர் இல்லை. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தபா கேட்டிருந்தால், கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பேன். அவர் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்யவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பேனாவைக் கொடுக்க ஆலங்காயம் போனேன். கிரேஸ் வாங்கிக்கொண்டது. “எதாவது வேணுமாம்மா?” என்றேன்.

“ஒண்ணும் இல்லண்ணா. எல்லாரும் இருக்கறாங்க.”

சரி என்று வெளியே வந்து செருப்பைப் போட்டேன். வாசல் கேட்டில் கை வைத்தேன். அங்கேயே நின்றேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். “ரெண்டாவது தபா கேக்கறேன் கிரேஸு. இன்னாம்மா?”

கிரேஸ் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தது. “அன்னிக்குக் காலையில கெளம்பறப்போ மூஞ்சே சரியில்லண்ணா. இன்னாங்கன்னு கேட்டேன். ஒண்ணும் இல்லன்னாரு. நான் சோத்து டப்பாவ எடுத்துக் குடுத்துட்டேன். திரும்பக் கேக்கல. யார்கிட்டயும் இத சொல்லலண்ணா.”

“ஞாயித்துக்கிழம எங்கிட்டயும் அதான் சொன்னாரு. நானும் கேக்கலம்மா” என்றேன்.

கிரேஸ் அப்போதுதான் அழுதது. அடக்கத்தன்று கூட அழவில்லையாம், அதன் தம்பி பிறகு சொன்னான். நானும் அழுதேன்.

பேனா கிரேஸிடம் இருக்கிறது. என் வீட்டுப் பெட்டியில் அவர் கடைசியாக எழுதிய டிரைவர் எண் பாதியில் நிற்கிறது. மீதியை நான் எழுதப்போவதில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த இரண்டாவது கேள்வியைத்தான். இப்போது எல்லோரையும் கேட்கிறேன். அவரைத்தான் கேட்காமல் விட்டுவிட்டேன்.