பல்லாயிரம் சிரிப்பு

நூலகக் கூடத்தில், புத்தகத்தில் கையெழுத்துப் போட இரண்டு மேஜைகள். ஒன்றில் கவிதை எழுதிய கண்ணாடிக்கடைக்காரர், இன்னொன்றில் படம் வரைந்தவன். வரைந்தவன் முன்னால் நின்ற வரிசை கதவைத் தாண்டி மாடிப்படி வரை வளைந்து போனது. எழுதியவர் முன்னால் ஒரே ஒரு பெரியவர் வந்து நின்றார். கண்ணாடிக்கடைக்காரர் முகம் மலர்ந்து பேனாவைத் திறந்தார்.

"தம்பி, பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்றார் பெரியவர்.

கை நீட்டி வழி காட்டினார். பேனாவை மூடினார்.

பகலெல்லாம் அடுத்தவர் மூக்கில் கண்ணாடி பொருத்துவது அவர் பிழைப்பு. ஃபிரேம் சாய்கிறதா, காதை அழுத்துகிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பார். ஆள் வராத நேரத்தில், லென்ஸ் வந்த காகித உறைகளில் கவிதை எழுதுவார். கல்யாணமாகி மனைவியின் ஊருக்கு வந்த புதிதில், தெருவில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்த மனிதர் அவர். ஒருவரும் திருப்பிச் சிரிக்கவில்லை. அந்தக் காந்தல் பல வருஷம் கழித்துக் கவிதையானது:

பல்லாயிரம் சிரிப்போடு
ஊரெல்லையில் வந்து நின்றான்.
ஒரு கதவும் திறக்கவில்லை.

படம் போட மனைவியின் தம்பியே கிடைத்தான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன், நல்ல கைக்காரன். 'பல ஆயிரம்' என்று இவர் நினைத்து எழுதியதை அவன் 'பல் ஆயிரம்' என்று பிரித்துக்கொண்டான். ஆயிரம் பல்லைக் காட்டிக்கொண்டு ஒருவன் ஊரெல்லையில் நின்றால் எவன் கதவைத் திறப்பான்? அவனுக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பக்கம் முழுக்க ஒரு பூதத்தை வரைந்தான். தாடை, கன்னம், கழுத்து வரை பல். புத்தகம் போட்ட பதிப்பாளர் அம்மாவுக்கும் பிடித்துப்போய் அப்படியே அச்சேறியது. எழுதியவர் அதைப் பார்த்தது புத்தகக் கட்டைப் பிரித்த அன்றுதான்.

"என்னடா இது?"

"உங்க ஆள்தான் மாமா. எப்படி இருக்கான்?"

"நான் எழுதினது மனுஷனைப் பத்திடா!"

"மனுஷனுக்கு எதுக்கு மாமா ஆயிரம் பல்லு?"

புத்தகம் சுடச்சுட விற்றது. ஆனால் எல்லோருக்கும் அது 'பூதம் புத்தகம்'. கவிதையைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை. கண்ணாடி வாங்க வந்த ஒருவர், "பூதம் வரைஞ்சாரே, அவர் உங்க மச்சினனாமே! குடுத்து வெச்சவர் சார் நீங்க" என்றார். அன்று அவருடைய ஃபிரேமின் திருகாணி ஒரு சுற்று கூடுதலாகவே இறுகியது.

இப்போது இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. "நாளைக்கு அச்சுக்குப் போகுது. ஏதாவது திருத்தணும்னா கூட்டம் முடியறதுக்குள்ள சொல்லிடுங்க" என்று பதிப்பாளர் அம்மா சொல்லியிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார். பூதத்தைத் தூக்கிவிட்டு, வேறொருவரை வைத்து மனிதனை வரையச் சொல்ல வேண்டும். அதையும் இந்தக் கூட்டத்தின் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

மனைவி வந்து குனிந்தாள். "ஏங்க, மூஞ்சியைக் கொஞ்சம் சரி பண்ணுங்க. பூதமே பரவாயில்லன்னு இருக்கு."

"உன் தம்பிக்குத் தமிழ் படிக்கத் தெரியலைன்னு இப்ப மைக்ல சொல்லப்போறேன்."

"தாராளமா சொல்லுங்க. அதுக்கு முன்னாடி அந்தப் படத்தை ஒரு தடவை முழுசாப் பாருங்க."

அவர் பார்க்கவில்லை. மைக்கைப் பிடித்தார். "இந்தப் படத்துல ஒரு தப்பு நடந்திருக்கு" என்றார். கையெழுத்துக்குக் கீழே குட்டிப் பூதம் போட்டுக்கொண்டிருந்த மச்சினனின் பேனா பாதிப் பல்லில் நின்றது. இவருக்கு வியர்த்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வரிசை நடுவிலிருந்து ஒரு சிறுமி வீறிட்டாள். "அம்மா! பூதம்!"

எல்லோரும் புத்தகத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்கள். கண்ணாடி இல்லாத முகத்தில், நடுவில் புடைத்து வலப்பக்கம் சாய்ந்த அதே மூக்கு. ஊரார் மூக்கையெல்லாம் அளந்தவர், பல்லைப் பார்த்த ஆத்திரத்தில் தன் மூக்கைக் கவனிக்கவே இல்லை.

"டேய், இது நானா?"

"பின்ன யாரு? ஊருக்கு வந்த புதுசுல சிரிச்சுக்கிட்டே போவீங்களே மாமா, அப்ப நான் சின்னப் பையன். கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவேன்."

கூடமே சிரித்தது. சிரித்த கையோடு வரிசை மெல்ல வளைந்து இவர் மேஜைப் பக்கம் திரும்பியது. முதலில் வந்தது அந்தச் சிறுமிதான். "வாயைத் திறங்க. எண்ணிப் பாக்கணும்."

பதிப்பாளர் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என்ன தப்பு சார்? சொல்லுங்க, திருத்திடலாம்."

கண்ணாடிக்கடைக்காரர் வரிசையின் நீளத்தைப் பார்த்தார். "பல்லு கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றார்.

பக்கத்து மேஜையில் ஆளே இல்லை. மச்சினன் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"மாமா, வரைஞ்சது நான்."

கண்ணாடிக்கடைக்காரர் சிறுமி எண்ணுவதற்கு வாயை இன்னும் அகலமாகத் திறந்தார்.