அந்த அம்மா சொன்ன ‘போ’

யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். லண்டனுக்கு வந்து வெம்பிளியில் குடியேறியபின் கிடைத்தது, வயதானவர்களை வீடு தேடிப்போய்ப் பராமரிக்கும் வேலை. குளிப்பாட்டுவது, துடைப்பது, உடுப்பு மாற்றுவது. இதுவும் வேலைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் என் ஆங்கிலத்தைப் பற்றிய மண்டைக்கனம் மட்டும் குறையவில்லை. கூட வேலை செய்தவர்கள் அறிக்கை எழுதத் திணறினால் நான்தான் திருத்திக் கொடுப்பேன்.

நான் பார்க்கப்போன வெள்ளைக்கார அம்மாவுக்கு எண்பத்தேழு வயது. மாடிவீட்டில் தனியாக இருந்தார். இன்னொரு தடவை விழுந்தால் முதியோர் இல்லம்தான் என்று மகன் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். அது தாய்க்கும் தெரியும். செத்தாலும் இந்தக் கட்டிலில்தான் சாவேன் என்று என்னிடம் ஓயாமல் சொல்லுவார்.

எனக்கு முன்னர் அங்கே வேலை செய்தவளும் எங்கள் ஊர்ப் பெண்தான். ‘வாங்கோ’, ‘இருங்கோ’, ‘தேத்தண்ணி’ என்று மூன்று சொற்களை அவருக்குப் பழக்கிவிட்டிருந்தாள். காலையில் நான் கதவைத் திறந்ததும் மாடியிலிருந்து ‘வாங்கோ’ என்று குரல் வரும். ஒரு வெள்ளைக்காரி எனக்கு ‘கோ’ போட்டுக் கதைக்கிறாள் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஊரில் மாணவர்கள் தந்த மரியாதை லண்டனில் அந்த ஒரு வீட்டில்தான் கிடைத்தது.

அவருடைய கட்டிலுக்கடியில் ரோசாப்பூ வரைந்த, ஒரு கைப்பிடி வைத்த பெரிய பீங்கான் பாத்திரம் தூசிபிடித்துக் கிடந்தது. பழைய அலங்காரச் சாமானாக்கும் என்று கழுவித் துடைத்து, கதவுக்குப் பக்கத்து அலுமாரியின் மேல் எடுப்பாக வைத்தேன். அதைக் கண்டு அவர் சிரித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அன்று காலை அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. கழிவறை கீழ்த்தளத்தில். தேத்தண்ணியோடு மேலே போனேன். கட்டிலில் நிமிர்ந்திருந்தார், முகம் சிவந்திருந்தது. கதவுப் பக்கம் கையை நீட்டி, “போ” என்றார்.

நான் திகைத்து நின்றேன்.

“போ, போ” என்றார் மறுபடியும்.

நாலாவது தமிழ்ச் சொல்லையும் யாரோ பழக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். அதுவும் ‘போங்கோ’ இல்லை, நாயை விரட்டுகிற ‘போ’. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, திரும்பியும் பாராமல் கீழே இறங்கிக் குசினிக்குள் நின்று, கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவினேன். கூப்பிட்டார். வேண்டுமென்றே தண்ணீரை இன்னும் கூடுதலாகத் திறந்துவிட்டேன். பிறகு மேலே தொப்பென்று சத்தம் கேட்டது.

அலுமாரியின் அடியில் நனைந்துபோய்க் கிடந்தார். மணிக்கட்டு உடைந்திருந்தது.

அம்புலன்ஸ் போனபின் அறிக்கை எழுதினேன். ‘உதவியை மறுத்து, என்னை வெளியே போகும்படி சொன்னார்.’ ஒரு எழுத்துப் பிழை இல்லாத ஆங்கிலம்.

மறுகிழமை வேறொரு வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்னிடம் ‘போ’வைக் கொண்டுவரச் சொன்னார். என் முழியைப் பார்த்து விளக்கினார். கட்டிலுக்கடியில் வைத்து மூத்திரம் பெய்கிற பாத்திரம். அவருடைய சின்ன வயதில் எல்லா ஆங்கிலேய வீட்டிலும் அதற்கு ‘போ’ என்றுதான் பெயராம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று சிரித்தார். அந்த அம்மா கை நீட்டியது கதவுக்கில்லை, அலுமாரிக்கு.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவருடைய அகதிக் கேஸ் அப்போது குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. என் வேலையில்தான் வீடு ஓடியது.

“நீர் பேசாமல் இரும். வாயைத் திறந்தால் வேலை போயிடும். அந்த மனிசி எண்டைக்கெண்டாலும் முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டிய ஆள்தானே” என்றார்.

அவர் சொல்லாவிட்டாலும் நான் பேசாமல்தான் இருந்திருப்பேன். பழியைக் கணவர்மேல் போட எனக்கு வாய் வரவில்லை.

அந்த அம்மாவை இல்லத்துக்கு அனுப்புவதா என்று முடிவுசெய்யக் கூட்டம் வைத்தார்கள். கவுன்சிலில் இருந்து வந்த பெண் என் அறிக்கையை வாசித்தாள். உதவ வந்தவரையே விரட்டுகிறார், புத்தி தடுமாறுகிறது, தனியே விடுவது ஆபத்து என்றாள். மகன் தலையாட்டினார். இதில் ஏதாவது திருத்தவேண்டுமா என்று அவள் என்னைக் கேட்டாள்.

இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

அந்த அம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபமிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு மகனின் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

“அவள் பொய் சொல்லமாட்டாள். நான்தான் போகச் சொல்லியிருப்பேன். எனக்குத்தான் இப்போது ஒன்றும் நினைவில் நிற்பதில்லையே.”