சாமி அத்தையின் கண்

எதையாவது நோண்டி நோண்டிக் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எட்டு வயதில் அந்தக் குணம் உச்சத்தில் இருந்தபோதுதான் தம்பி பிறந்தான். சுங்கை ஊடாங் வீட்டில் ஃபிளாஷ் போட்டு அவனைப் படம் எடுத்தார்கள். ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னியது. ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் கட்டி என்றார்கள். பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை.

அப்பாவின் அக்காவான அத்தைக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. எல்லாம் அம்மா வழிதானாம். தங்கள் வம்சத்தில் சளி, காய்ச்சலைத் தாண்டி ஒரு நோயும் எட்டிப் பார்த்ததில்லையாம். அம்மா தம்பியை மடியில் போட்டு அழுதபடி இருந்தாள்.

மறுவாரம் மரபணு டாக்டர் எங்களை உட்காரவைத்து, ஒரு தாளில் எங்கள் குடும்பத்தையே வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நானும் ஒரு வட்டம் என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தக் கட்டி சில பிள்ளைகளுக்குத் தானாகவே வரும், சிலருக்குப் பெற்றவர் வழியாக வரும், கொடுத்தவருக்கே அது தெரியாமலும் இருக்கும் என்றார். குடும்ப வழி என்றால் மற்றக் கண்ணிலும் வரலாம். சீக்கிரம் பிடித்தால் பார்வையைக் காப்பாற்றலாம். சின்ன வயதில் கண் கெட்டவர், இறந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். அத்தை இல்லை என்றாள். அப்பாவும் தலையாட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சாமி அத்தைய போடலயே டாக்டர்," என்றேன்.

சாமி அத்தை, அப்பாவுக்கு நேர் மூத்தவள். எஸ்டேட்டில் இரண்டு வயதில் இறந்து எங்கள் வீட்டுக் கன்னி தெய்வமானவள். பொங்கலுக்கு முன்பு புதுக் கவுன் வைத்து அவளுக்குப் படைப்போம். படைத்த கவுன் எனக்குத்தான். அவளை எப்படி விட்டுக்கொடுப்பேன்?

"அது சாமிலா. நோயில்ல," என்றாள் அத்தை.

"விளக்கு வெளிச்சத்துல அவங்க கண்ணு பூனைக் கண்ணு மாதிரி மின்னும், அதான் சாமின்னு நீங்கதான சொன்னீங்க?"

டாக்டரின் பேனா நின்றது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், அவள் பொய் சொல்லவில்லை. சாமியை யார் நோயாளிகளோடு சேர்ப்பார்கள்?

அன்றே தம்பியின் மற்றக் கண்ணையும் சோதித்தார்கள். கடுகளவு கட்டி ஒன்று அதிலும் இருந்தது. நல்லவேளை, அதைக் கரைத்துவிட்டார்கள். அந்தக் கண்ணை நம்பித்தான் இன்றைக்கும் உம்பாய் கடற்கரைக் கடைகளில் ஒரு முள் விடாமல் எடுத்துப்போட்டு மீன் தின்கிறான்.

பிறகு அது யார் யார் உடம்பில் இருக்கிறது என்று பார்க்க, அப்பா, நான், அம்மா என்று வரிசையாக இரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்தும் முன்பே அப்பா அழுதார். ஊசிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுத்து நின்ற என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பெரிய மனிதர் ஊசிக்குப் பயப்படுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று அவருக்குத் தைரியம் சொன்னேன்.